அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகை அதிபர்களும் ஆசிரியர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகளைப் பற்றிய பேச்சு எழும்போது, அவற்றில் வெளியான தலையங்கங்களே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றன. அந்தத் தலையங்கங்களை எழுதியவர்களே தாள் வாங்கவும், அச்சுக்கூலி கொடுக்கவும், சந்தா பாக்கியை வசூலிக்கவும், கடன்காரருக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சொந்த அச்சகமும் சொந்தச் சந்தாதாரர்களும் இல்லாமல் அவர்களுடைய துணிவு மட்டும் போதுமானதாக இருந்திருக்காது. அந்தக் கோணத்திலிருந்தே கீழேயுள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கறுப்பினத்தவர் தாமே நடத்திய முதல் பத்திரிகை எது?

1827 மார்ச் 16 அன்று நியூயார்க் நகரில் வெளிவந்த ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ என்னும் வார இதழ். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வரவிருந்த நாள் அதே ஆண்டு ஜூலை 4. அந்தச் சமயத்தில் நகரத்தின் சில பத்திரிகைகள் கறுப்பின மக்களை இழிவுபடுத்தி எழுதிவந்தன. அவற்றுக்கு மறுமொழி கூற அம்மக்களுக்கென ஓர் இதழ் இல்லை. பிரஸ்பிட்டேரியன் போதகரான சாமுவேல் கார்னிஷும், ஜமைக்காவில் பிறந்து 1826இல் மேய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரியில் பட்டம் பெற்ற ஜான் ரஸ்வர்மும் ஆசிரியர் பொறுப்பை ஏற்றனர். “எங்கள் வழக்கை நாங்களே எடுத்துரைக்க விரும்புகிறோம், நெடுங்காலமாக எங்களுக்காக மற்றவர்களே பேசிவந்திருக்கிறார்கள்” என்று முதல் இதழிலேயே அவர்கள் எழுதினர். ஆண்டுச் சந்தா 3 டாலர். பல ஊர்களில் முகவர்கள் சந்தா சேர்த்தனர். பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் அவர்களில் ஒருவர். அடிமைமுறையைக் கடுமையாகச் சாடி 1829இல் வெளிவந்து, தென்மாநில அரசுகளை அச்சுறுத்திய துண்டுநூலை எழுதியவரும் இவரே.

அந்த இரு ஆசிரியர்களும் ஏன் பிரிந்தனர்?

கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் திட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டை வரலாற்றாசிரியர்கள் முக்கியக் காரணமாகக் காட்டுகின்றனர். 1827 செப்டம்பரில் கார்னிஷ் விலகினார். அதன்பின் தனியாக இதழை நடத்திய ரஸ்வர்ம், நாளடைவில் அத்திட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தபோது, பிறந்த மண்ணை விட்டுப் போக விரும்பாத வாசகர்கள் கொதிப்படைந்தனர். 1829 மார்ச்சில் இதழ் நின்றது. ரஸ்வர்ம் லைபீரியாவுக்குச் சென்று ‘லைபீரியா ஹெரால்டு’ இதழின் ஆசிரியராகி, பின்னர் அங்கிருந்த மேரிலாண்ட் குடியேற்றத்தின் ஆளுநராகவும் இருந்தார். அவரைத் துரோகி என்று அன்று பலர் தூற்றினர். அந்தத் தீர்ப்பு அவசரமானது என்றே தோன்றுகிறது. கல்லூரிப் பட்டம் பெற்றும் வாழ்ந்த நாட்டில் குடிமகனாக மதிக்கப்படாத ஒருவர் வேறு கரையைத் தேடியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் ஏற்கெனவே புகழ்பெற்ற பேச்சாளராக இருந்தாரே, பிறகு ஏன் பத்திரிகை தொடங்கினார்?

அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வெள்ளையின நண்பர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டனர். ‘லிபரேட்டர்’ இதழை நடத்திய வில்லியம் லாயிட் கேரிசன் இந்த முயற்சியை ஊக்குவிக்கவில்லை. மேடையில் அவ்வளவு பயன்படும் மனிதர் அச்சகத்தில் ஏன் காலத்தைச் செலவிட வேண்டும் என்பது அவர்களின் வாதம். மேடையிலோ டக்ளஸ் தாம் பட்ட துன்பத்தைச் சொல்ல வேண்டும், அதற்கு விளக்கம் தருவது மற்றவர்களின் வேலை என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தம் இனத்தவர் ஒருவர் பத்திரிகையைத் திறம்பட நடத்திக்காட்டுவதே, கறுப்பினத்தவரின் அறிவாற்றலைப் பற்றிய இழிவான எண்ணத்துக்குத் தக்க விடை என்று அவர் கருதினார்.

பிரிட்டனில் இருந்த ஆதரவாளர்கள் பணம் திரட்டி, சட்டப்படி அவரை அடிமையாக வைத்திருந்தவரிடமிருந்து அவருடைய விடுதலையை வாங்கிக்கொடுத்தனர். அச்சகத்துக்கான தொகையையும் அவர்களே அனுப்பினர். 1847 டிசம்பர் 3 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ‘நார்த் ஸ்டார்’ வெளிவந்தது. பிட்ஸ்பர்க்கில் ‘மிஸ்டரி’ என்ற இதழை நடத்திய மார்ட்டின் டெலானி துணை ஆசிரியராகச் சேர்ந்தார். நேர்மைக்கு ஆண், பெண் என்ற வேறுபாடில்லை, உண்மைக்கு நிறமில்லை என்னும் பொருள்பட அமைந்திருந்தது அதன் முகப்பு வாசகம்.

சந்தாவோ எதிர்பார்த்த அளவு வரவில்லை. சில மாதங்களுக்குள் டக்ளஸ் தம் வீட்டை அடமானம் வைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஜூலியா கிரிஃபித்ஸ் என்ற அம்மையார் கணக்கு வழக்குகளைக் கையிலெடுத்து, நிதி திரட்டும் சந்தைகளை நடத்தி, இதழைக் கடனிலிருந்து மீட்டார். கறுப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் ஒரே அலுவலகத்தில் பணிபுரிவதைக் குறித்து ஊரிலும் இயக்கத்துக்குள்ளும் எழுந்த அவதூறுகள் இருவரையும் வெகுவாக வருத்தின. 1851இல் மற்றோர் இதழுடன் இணைந்து ‘ஃபிரெடெரிக் டக்ளஸ் பேப்பர்’ என்ற பெயரில் அது தொடர்ந்தது. அதற்குப் பின் வந்த மாத இதழ் 1863 வரை வெளிவந்தது. ஒரு பெயரில் இல்லாவிட்டால் இன்னொரு பெயரில், ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் அவர் இதழ் நடத்தினார்.

முதல் நாளிதழ் எது?

1864இல் ‘நியூ ஆர்லியன்ஸ் ட்ரிப்யூன்’. பாரிசில் மருத்துவம் படித்த லூயி சார்ல் ரூடனே அதன் உரிமையாளர், பால் ட்ரெவீன் ஆசிரியர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்ட அந்த ஏடு, உள்நாட்டுப் போர் முடிவதற்கு முன்பே கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கேட்டது.

பெண்கள் எவரேனும் பத்திரிகை நடத்தினார்களா?

வட அமெரிக்காவில் பத்திரிகை வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண் மேரி ஆன் ஷாட். 1823இல் டெலவேர் மாநிலத்தில் சுதந்திரமான குடும்பத்தில் பிறந்த இவர் ஆசிரியையாகப் பணியாற்றினார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கக் கட்டளையிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1853 மார்ச்சில் வின்ட்சர் நகரில் ‘ப்ரொவின்ஷியல் ஃப்ரீமன்’ இதழைத் தொடங்கினார். பெண் ஆசிரியரை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதால், முகப்பில் சாமுவேல் ரிங்கோல்டு வார்டு என்ற புகழ்பெற்ற போதகரின் பெயர் ஆசிரியராக அச்சிடப்பட்டது. ஷாட்டின் பெயரோ முதலெழுத்துகளுடன் மட்டுமே வந்தது. அவரை ஆண் என்று எண்ணி மடல் எழுதிய வாசகர்களும் இருந்தனர்.

இதழ் டொராண்டோவுக்கும், பின்னர் சாத்தம் நகருக்கும் இடம் மாறியது. தப்பிவந்தவர்களின் பெயரைச் சொல்லி ஊர் ஊராகப் பணம் திரட்டியவர்களை ஷாட் கடுமையாகக் கண்டித்தார். பிச்சையெடுத்து அல்ல, உழைத்தே நிமிர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இதனால் பகை பெருகிற்று, சந்தா குறைந்தது. அவர் பிற்காலத்தில் வாஷிங்டனில் ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, அறுபதாம் வயதில், 1883இல் பட்டம் பெற்றார்.

இந்த வரிசையில் சார்லட்டா பாஸ் என்பவரையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ‘கலிபோர்னியா ஈகிள்’ ஏட்டை 1912இல் ஏற்று 1951 வரை நடத்திய அவர், 1952இல் முற்போக்குக் கட்சியின் சார்பில் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். அப்பதவிக்கு நின்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

ஐடா பி. வெல்ஸின் அச்சகம் ஏன் அழிக்கப்பட்டது?

வெள்ளையினக் கும்பல்கள் கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கொன்றுவந்த கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணம் பொய் என்பதை அவர் எழுத்தில் வைத்ததால்.

1862இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர் வெல்ஸ். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சலில் தாயும் தந்தையும் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. தம்பி தங்கைகளைக் காப்பாற்றுவதற்காகப் பள்ளி ஆசிரியையானார். பெண்களுக்கான ரயில் பெட்டியிலிருந்து தம்மை வலுக்கட்டாயமாக இறக்கிய ரயில்வே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, 1884இல் 500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றார். 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அந்த அனுபவத்தை அவர் எழுதத் தொடங்கியதே பத்திரிகை வாழ்க்கைக்கு வாயிலாயிற்று.

1889இல் மெம்ஃபிஸ் நகரின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழ் தம்மை எழுத அழைத்தபோது, உரிமையில் சமபங்கு தந்தால்தான் வருவேன் என்று நிபந்தனை விதித்துப் பங்காளியானார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பற்றி எழுதியதற்காக 1891இல் ஆசிரியை வேலை பறிபோயிற்று. அதன்பின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு முழுவதும் ரயிலில் பயணம் செய்து சந்தா சேர்த்தார். ஒன்பது மாதங்களில், ஆசிரியை வேலையில் கிடைத்த ஊதியத்துக்கு ஏறத்தாழ நிகரான வருமானத்தை இதழே தரத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த இதழை வாங்கிப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டனர். அவர்களை ஏமாற்றிச் சிலர் வேறு இதழ்களை விற்கவே, பார்த்தவுடன் அடையாளம் தெரியட்டும் என்று இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டார். வெல்ஸின் துணிவைப் பாராட்டுவோர் பலர், இந்தத் தொழில்திறனைக் கவனிப்பதில்லை. வாசகர் யார், அவர் கையில் இதழ் எப்படிச் சேரும் என்று இவ்வளவு கூர்ந்து எண்ணிய ஆசிரியர்கள் எக்காலத்திலும் குறைவு.

1892 மார்ச் 9 அன்று அவருடைய நெருங்கிய நண்பரான தாமஸ் மாஸும், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்கள் நடத்திய ‘பீப்பிள்ஸ் குரோசரி’ என்னும் மளிகைக் கடை, அருகிலிருந்த வெள்ளையினக் கடைக்காரரின் வியாபாரத்துக்குப் போட்டியாக இருந்ததே சச்சரவின் வேர். கும்பல் கொலைக்குக் காரணம் பாலியல் குற்றம் என்று நாடு முழுவதும் சொல்லப்பட்டுவந்த கதைக்கும் இந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை வெல்ஸ் கண்ணெதிரே கண்டார். உயிருக்கும் உடைமைக்கும் காப்பில்லாத நகரத்தை விட்டு வெளியேறுங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமாவுக்கும் பிற இடங்களுக்கும் புறப்பட்டனர். கறுப்பின மக்கள் டிராம் வண்டிகளில் ஏறுவதை நிறுத்தியபோது, டிராம் நிறுவனத்தின் அதிகாரிகளே அவருடைய அலுவலகம் தேடி வந்து, வாசகர்களிடம் எடுத்துச் சொல்லுமாறு கேட்டனர்.

பிற ஊர்களில் நடந்த கொலைகளையும் அவர் விசாரித்தார். மே 21 அன்று வெளியான தலையங்கத்தில், கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்ற அரதப்பழசான பொய்யை இப்பகுதியில் யாரும் நம்பவில்லை என்றும், அதை மேலும் வற்புறுத்தினால் அப்பெண்களின் நற்பெயருக்கே கேடாக முடியும் என்றும் எழுதினார். சில நாட்களில் ஒரு கும்பல் அலுவலகத்தைச் சூறையாடியது. பங்காளியான ஜே.எல். ஃபிளெமிங் உயிர்தப்பி ஊரைவிட்டு ஓடினார். அப்போது கிழக்கே பயணத்தில் இருந்த வெல்ஸுக்கு, திரும்பி வந்தால் கொல்லப்படுவீர்கள் என்ற எச்சரிக்கை எட்டியது.

அவர் நியூயார்க்கிலேயே தங்கினார். அடிமையாகப் பிறந்து அச்சுக்கோப்பவராக வளர்ந்த டி. தாமஸ் ஃபார்ச்சூன் நடத்திய ‘நியூயார்க் ஏஜ்’ இதழில், ‘ஃப்ரீ ஸ்பீச்’ சந்தாதாரர் பட்டியலைக் கொடுத்து அதற்கு ஈடாகக் கால்பங்கு உரிமை பெற்றார். அச்சகத்தை அழித்தவர்களால் அந்தப் பட்டியலை அழிக்க முடியவில்லை. பிரிட்டனில் 1893இலும் 1894இலும் அவர் ஆற்றிய உரைகள் அமெரிக்க அரசியல்வாதிகளைச் சங்கடத்துக்கு உள்ளாக்கின. பின்னர் சிகாகோவில் ஃபெர்டினான்ட் பார்னெட்டை மணந்து, அவருடைய ‘கன்சர்வேட்டர்’ இதழின் ஆசிரியரானார். 1931இல் மறைந்தார். 2020இல் அவருக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது.

வேறு பத்திரிகைகளும் இப்படித் தாக்கப்பட்டனவா?

ஆம். வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் அலெக்சாண்டர் மேன்லி நடத்திய ‘டெய்லி ரெக்கார்டு’ அலுவலகம் 1898 நவம்பர் 10 அன்று எரிக்கப்பட்டது. அன்றே ஆயுதமேந்திய வெள்ளையினக் கும்பல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்தது. கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். மேன்லி முன்னதாகவே தப்பிவிட்டார். அவருடைய தலையங்கம் ஒன்றே இந்த வன்முறைக்குக் காரணம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. உண்மையில் அத்தலையங்கம் ஆகஸ்டில் வந்தது. தேர்தல் நேரத்தில் வெறுப்பைத் தூண்டுவதற்காக வெள்ளையினப் பத்திரிகைகள் அதைத் திரும்பத் திரும்ப மறுபதிப்புச் செய்தன.

1921இல் டல்சா நகரின் கிரீன்வுட் பகுதி எரிக்கப்பட்டபோது ஏ.ஜே. ஸ்மிதர்மனின் ‘டல்சா ஸ்டார்’ அச்சகமும் சாம்பலாயிற்று. கலவரத்தைத் தூண்டியதாக அவர் மீதே வழக்குப் பதிவாகியது. அவர் பஃபலோ நகருக்குச் சென்று புதிதாக ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அந்த வழக்கு கைவிடப்பட்டது 2007இல்தான். அப்போது அவர் உயிருடன் இல்லை.

இப்பத்திரிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி வாசகர்களிடமிருந்து. பெரிய நிறுவனங்கள் கறுப்பினப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் தர மறுத்ததால், பிரதிகளின் விற்பனையையே நம்ப வேண்டியிருந்தது. விளம்பரதாரரின் முகம் கோணும் என்று அஞ்ச வேண்டியிராத சுதந்திரமும் அதனாலேயே கிடைத்தது. கிடைத்த விளம்பரங்களில் தலைமுடியை நேராக்கும் பசைகளும் தோலை வெளுப்பாக்கும் களிம்புகளும் நிறைய இருந்தன. இனப் பெருமையை வற்புறுத்திய ஏடுகளில் இவை இடம்பெற்றது அன்றே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் அந்த வருமானத்தை இழந்திருந்தால் எத்தனை இதழ்கள் நின்றிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொடக்க மூலதனம் பெரும்பாலும் குடும்பச் சேமிப்புதான். அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றிய ஜான் எச். மர்ஃபி, 1897இல் மனைவி மார்த்தாவிடம் 200 டாலர் கடன் பெற்று, ஏலத்துக்கு வந்த ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ அச்சகத்தை பால்டிமோரில் வாங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மகன் கார்ல் 1922இல் பொறுப்பேற்றார். அந்த ஏடு இன்றும் அதே குடும்பத்தின் கையில் உள்ளது.

‘சிகாகோ டிஃபெண்டர்’ தென்மாநிலங்களை எப்படிச் சென்றடைந்தது?

ரயிலில், மறைவாக. ஜார்ஜியாவில் பிறந்த ராபர்ட் அபட், ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் அச்சுத்தொழில் கற்றவர். சிகாகோவில் சட்டமும் படித்தார். நிறத்தின் காரணமாக இரண்டு தொழில்களிலும் அவருக்கு வழி கிடைக்கவில்லை. 1905 மே 5 அன்று, 25 சென்ட் கைமுதலுடன், அச்சகத்தாரிடம் கடன் சொல்லி 300 பிரதிகள் அச்சிட்டு, வீடு வீடாகத் தாமே விற்றார். வீட்டுக்காரரான ஹென்ரியேட்டா லீ என்ற அம்மையார் தம் வீட்டிலேயே அலுவலகம் நடத்த இடம் கொடுத்தார். பிற்காலத்தில் செல்வம் சேர்ந்தபோது அபட் அவருக்கு ஒரு வீடு வாங்கிக்கொடுத்து நன்றி பாராட்டினார்.

தூங்கும் வசதியுள்ள புல்மேன் ரயில் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டுக்கட்டாகப் பிரதிகளை ஏற்றிச் சென்று, தெற்கே வழியில் இறக்கினர். சில ஊர்களில் அந்த ஏட்டை வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது. முடிதிருத்தகங்களிலும் தேவாலயங்களிலும் ஒரே பிரதி பல கைகள் மாறியது. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டனர். முதலில் வடக்கே வருவதை ஊக்குவிக்கத் தயங்கிய அபட், முதல் உலகப் போரால் ஆலைகளில் ஆள்பற்றாக்குறை ஏற்பட்டதும், வேலை விளம்பரங்களையும் ரயில் விவரங்களையும் வெளியிட்டு, 1917 மே 15ஐப் ‘பெரும் வடக்குப் பயணத்தின்’ நாளாகவே அறிவித்தார். வேலையும் பயணச்சீட்டும் கிடைக்குமா என்று கேட்டுத் தெற்கிலிருந்து எண்ணற்ற மடல்கள் வந்தன. சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1910இல் சுமார் 44,000. 1920இல் 1,09,000க்கும் மேல்.

1919 கோடையில் சிகாகோவில் இனக்கலவரம் வெடித்தபோது, வழக்கமாக அச்சிட்டுவந்த வெள்ளையின அச்சகம் அச்சிட மறுத்தது. அண்டை மாநிலத்தின் கேரி நகருக்குச் சென்று அச்சிட வேண்டியதாயிற்று. அதன்பின் அபட் சொந்த இயந்திரம் வாங்கி, முன்பு யூதத் தொழுகைக்கூடமாக இருந்த கட்டிடத்தில் நிறுவினார்.

இந்த ஆசிரியர்கள் தமக்குள் ஒற்றுமையாக இருந்தார்களா?

இல்லை. அவர்களுக்குள் கடுமையான மோதல்கள் இருந்தன. ஹார்வர்டில் படித்த வில்லியம் மன்றோ ட்ராட்டர் 1901இல் ‘பாஸ்டன் கார்டியன்’ ஏட்டைத் தொடங்கி, வெள்ளையினத்தாருடன் இணங்கிப் போகச் சொன்ன கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வாரந்தோறும் தாக்கினார். 1903இல் வாஷிங்டனின் கூட்டமொன்றில் குறுக்கிட்டு, முப்பது நாள் சிறைத்தண்டனை பெற்றார். வாஷிங்டனோ பிற இதழ்களுக்குப் பின்னணியில் பணம் கொடுத்துத் தம் பக்கம் வைத்திருந்தார். ‘நியூயார்க் ஏஜ்’ அவற்றில் ஒன்று. 1914இல் வெள்ளை மாளிகையிலேயே அதிபர் வுட்ரோ வில்சனுடன் வாதிட்டுச் சினமூட்டிய ட்ராட்டர், சேர்த்த சொத்தையெல்லாம் இதழுக்கே செலவிட்டு வறுமையில் 1934இல் இறந்தார்.

அரசு இவர்களை எப்படி நடத்தியது?

இரண்டு உலகப் போர்களின்போதும் சந்தேகக் கண்ணுடன். 1942 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரிலிருந்து ஜேம்ஸ் ஜி. தாம்சன் என்ற இளைஞர் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ ஏட்டுக்கு ஒரு மடல் எழுதினார். வெளிநாட்டில் எதிரியை வெல்வதோடு உள்நாட்டில் நிறவெறியையும் வெல்ல வேண்டும் என்று அவர் கேட்டதை ஏற்று, கூரியர் ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தைத் தொடங்கியது. இதைத் தேசத்துரோகமாகக் கருதி வழக்குத் தொடர வேண்டும் என்று அரசின் உயர்மட்டத்தில் சிலர் வற்புறுத்தினர். அபட்டின் சகோதரர் மகனும் டிஃபெண்டரின் அதிபருமான ஜான் செங்ஸ்டாக், அரசின் தலைமை வழக்கறிஞர் ஃபிரான்சிஸ் பிடிலை நேரில் சந்தித்தார். அதிகாரிகள் எங்களிடம் பேசினால்தானே அரசின் தரப்பை நாங்கள் எழுத முடியும் என்று வாதிட்டு, வழக்குகள் வராதபடி தடுத்தார். கறுப்பினச் செய்தியாளர் ஹாரி மெக்கால்பின் 1944இல் முதன்முறையாக அதிபரின் செய்தியாளர் சந்திப்பில் இடம்பெற்றதிலும் செங்ஸ்டாக்கின் முயற்சிக்குப் பங்குண்டு.

அமெரிக்காவுக்கு வெளியே இத்தகைய பத்திரிகைகள் இருந்தனவா? தமிழர்களுடன் ஏதேனும் தொடர்பு உண்டா?

தென்னாப்பிரிக்காவில் ஜான் டெங்கோ ஜபாவு 1884இலேயே ‘இம்வோ ஸபன்ட்சுண்டு’ என்ற கோசா மொழி இதழைத் தொடங்கினார். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஜான் டூபே 1903 ஏப்ரலில் ‘இலாங்கா லசே நடால்’ என்ற ஸூலு மொழி இதழைத் தொடங்கியபோது, அது டர்பனில் இந்தியர் நடத்திய இன்டர்நேஷனல் பிரின்டிங் பிரஸ் அச்சகத்தில் அச்சிடப்பட்டது. இரண்டே மாதங்களில் காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஏடும் அங்கிருந்தே தமிழ்ப் பகுதியுடன் வெளிவந்தது.

இந்தப் பத்திரிகைகள் ஏன் நலிந்தன?

தெற்கில் நேரடி அடக்குமுறை ஒரு காரணம். டெய்சி பேட்ஸும் அவர் கணவர் எல்.சி. பேட்ஸும் 1941இல் தொடங்கிய ‘ஆர்கன்சா ஸ்டேட் பிரஸ்’, லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியில் 1957இல் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களுக்குத் துணைநின்றது. விளம்பரங்கள் அறவே நிறுத்தப்பட்டதால் 1959இல் மூடப்பட்டது. மற்ற இடங்களில் காரணம் வேறு: 1960களில் பெரிய நாளிதழ்கள் கறுப்பினச் செய்தியாளர்களை வேலைக்கு அமர்த்தத் தொடங்கின, தொலைக்காட்சி வந்தது, வாசகர்கள் பழைய குடியிருப்புகளை விட்டுச் சிதறினர். 1956இல் நாளிதழாக மாறிய டிஃபெண்டர், 2019 ஜூலையுடன் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டு இணையத்தில் தொடர்கிறது.

பழைய பிரதிகளை இன்று படிக்க முடியுமா?

‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ இதழ்கள் 103ஐயும் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம் இணையத்தில் கட்டணமின்றி வைத்துள்ளது. டக்ளஸின் இதழ்கள் பலவற்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் காணலாம். அவர் தம்மிடம் வைத்திருந்த தொகுப்பு 1872இல் வீடு எரிந்தபோது அழிந்ததால், பிறர் சேமித்தவையே எஞ்சின. டிஃபெண்டர், கூரியர் ஆகியவற்றின் பழைய பக்கங்களைப் பல்கலைக்கழக நூலகங்களின் வழியாகப் படிக்கலாம். வெல்ஸின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. மற்ற பத்திரிகைகள் எடுத்து மறுபதிப்புச் செய்த பகுதிகளும், அவரே தம் துண்டுநூல்களில் மேற்கோள் காட்டியவையும் மட்டுமே இன்று நமக்குக் கிடைப்பவை.